ஏழு புள்ளிக் கரப்பான்

எங்கள் தெருவில் எனக்குப் பூச்சிக்காரர் என்று பெயர். பாராட்டு என்று நினைத்துவிட வேண்டாம். புறா வளர்க்கிறவனைப் புறாக்காரர் என்பதிலும், சண்டைச்சேவல் வைத்திருப்பவனைச் சேவல்காரர் என்பதிலும் கொஞ்சம் மரியாதை இருக்கும். என்னைப் பூச்சிக்காரர் என்று சொல்கிறவர்கள், சொன்ன கையோடு முந்தானையையோ லுங்கியையோ ஒருமுறை உதறிக்கொள்வார்கள். அதற்கெல்லாம் கோபப்பட்டால் பூச்சி வளர்க்க முடியாது.

ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூர் ரோட்டுக்குப் பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட லைன் வீடு. நாலு குடித்தனம், ஒரு குழாய். கடைசி வீடு எங்களுடையது. ஒரு அறை, அதை ஒட்டி நின்றுகொண்டு சமைக்கிற அளவுக்கு ஒரு சமையல்கட்டு, பின்னால் துளி வாசல். தொண்ணூற்றொன்றாம் வருஷம் அது. இன்றைக்கு இருங்காட்டுக்கோட்டையில் வரிசைகட்டி நிற்கும் கம்பெனிகளில் ஒன்றுகூட அப்போது வந்திருக்கவில்லை. நெடுஞ்சாலை ஓரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச்சின்ன ஷெட்டுகள். அதில் ஒன்றில் நான் ஸ்பிரிங் சுற்றிக்கொண்டிருந்தேன். காலையில் உட்கார்ந்தால் ஷிப்ட் முடிகிறவரை ஒரே அளவு, ஒரே சுற்று, ஒரே கம்பி. ஒரு ஸ்பிரிங் கொஞ்சம் கோணலாக வந்துவிட்டால் சூப்பர்வைசர் அப்பன் வீட்டுச் சொத்து போனதுபோல் கத்துவார்.

ஏன் பூச்சி என்று கேட்காத ஆள் இல்லை. எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை. முதலில் மரவட்டை வைத்திருந்தேன். பிறகு ஒரு கருந்தேள், அது பழைய பிஸ்கட் டின்னில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. பொன்வண்டைச் சின்ன வயதில் எல்லாரும் தீப்பெட்டியில் வைத்து முட்டை போடப் பார்த்திருப்பார்கள்; நான் கல்யாணம் ஆன பிறகும் பார்த்தேன். வயல் வரப்பில் பிடித்த பிள்ளைப்பூச்சிகளை ஈரமண் போட்டு ஒரு பக்கெட்டில் விட்டிருந்தேன். அது உள்ளே சுரங்கம் தோண்டுவதைப் பார்க்க முடியாது, ஆனால் மேல்மண் மெல்லப் புடைப்பதைப் பார்க்கலாம். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குக் கம்பெனி ஞாபகம் வராது.

என் மனைவிக்கு இதில் எதுவும் பிடிக்காது. பிடிக்காது என்பது கௌரவமாகச் சொல்வது. அவள் போட்ட சட்டம் எளிது: பூச்சி சமையல்கட்டுப் பக்கம் வரக்கூடாது, சோப்புப் போட்டுக் கை கழுவாமல் நான் சோற்றுக்குண்டானைத் தொடக்கூடாது. இரண்டையும் நான் மீறியதில்லை. கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் கோபம் வந்தால்கூடச் சத்தம் போடுவதை விட்டுவிட்டாள். என் பூச்சிகளை அவள் திட்டிக்கொண்டிருந்த காலமே தேவலை என்று தோன்றும்.

அந்த வருஷம் தை மாதம் என் மாமியார் வாலாஜாபாத் பக்கத்திலிருந்து வந்தார். வந்தவர் என்னிடம் நேராக ஒரு பிள்ளைப்பூச்சி கேட்டார். எதற்கு என்று கேட்டேன். உயிரோடு வாழைப்பழத்துக்குள் வைத்து விழுங்கினால் வயிற்றில் பிள்ளை தங்கும் என்றார். கேள்விப்பட்டதுதான். தெருவில் ஏற்கெனவே ஒரு பெண்மணி யாருக்கோ வேண்டும் என்று ஒன்று வாங்கிக்கொண்டு போயிருந்தார். ஆனால் என் வீட்டுக்குள்ளேயே வரும் என்று நான் நினைக்கவில்லை. நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன். மாமியார் பக்கெட்டைத் தேடிக்கொண்டு அவரே பின்வாசலுக்குப் போய்விட்டார்.

இத்தனைக்கும் அவருக்குக் கரப்பான்பூச்சி என்றால் குலைநடுங்கும். சமையல்கட்டில் ஒன்று பறந்தால் போதும், கரண்டியைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவிடுவார். பிள்ளைப்பூச்சியைக்கூட நான்தான் எடுத்துப் பழத்துக்குள் வைத்துக் கொடுத்தேன். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். விழுங்கிவிட்டுத் தண்ணீர் டம்ளரைக் காலி செய்து என்மேல் எறிந்தாள். அம்மாமேல் எறிய முடியாது அல்லவா.

பங்குனியில் நாள் தள்ளிப்போனது. ஆஸ்பத்திரியில் உறுதியும் ஆனது. பூச்சியால் ஆனது என்று நான் நம்பவில்லை. மாமியார் நம்பினார். பெண்ணைப் படுக்கையிலேயே வைத்திருக்க வேண்டும், பாரம் தூக்கக்கூடாது, பயணம் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால் அவர் எங்கள் வீட்டோடு வந்து தங்கினார். வந்த அன்றே அவர் சட்டம் அமலுக்கு வந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் ஒரு உயிர் போகக்கூடாது. முக்கியமாகப் புருஷன்காரன் கையால் போகக்கூடாது. எறும்பை ஊதித் தள்ள வேண்டும். பல்லியை விரட்டக்கூடாது. கரப்பானை அடிக்கக்கூடாது.

ஊருக்கே உள்ள வழக்கம்தான். ஆனால் எங்கள் சமையல்கட்டு அதைத் தாங்காது. ஆடி பிறப்பதற்குள் அலமாரிக்குப் பின்னால், ஸ்டவ்வுக்கு அடியில், அரிசி டின் மூடியில் எங்கே பார்த்தாலும் கரப்பான். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ஐந்து வருஷமாக நான் வளர்த்த பூச்சிகளைவிட மாமியார் நாலு மாசத்தில் அதிகம் வளர்த்துவிட்டார். தெருவில் பூச்சிக்காரர் பட்டத்தை அவருக்கு மாற்றிக் கொடுத்துவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். அந்த வருஷம் அவள் சிரித்த சிரிப்புகளை என்னால் இன்றைக்கும் தனித்தனியாக ஞாபகப்படுத்த முடியும், அவ்வளவு குறைவு.

இனிமேல்தான் என் கரப்பான் வருகிறது. வீட்டுக் கரப்பான் இல்லை. ஒரகடம் போகிற வழியில் ஏரிக்கரைக்கு அந்தப்புறம் ஒரு முள்காடு இருந்தது. சுற்றிலும் வேலிகாத்தான் முள்மரம் மண்டிக் கிடந்தபோதும் அந்த ஒரு துண்டு நிலத்தில் மட்டும் காரை, களா, ஈச்சம்புதர் என்று பழைய செடிகள் நின்றன. களாச்செடிக்கு அடியில் மக்கிய சருகைக் கிளறினால் ஒரு பூச்சி வரும். கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு. வட்டமான முதுகில் வெள்ளை வெள்ளையாக ஏழு புள்ளி. பார்த்தவர்கள் வண்டு என்றுதான் சொல்வார்கள். அதே புள்ளி போட்ட ஒரு வண்டும் உண்டு, அது கண்ணில் திராவகம் மாதிரி பீச்சும். அதற்குப் பயந்து இதையும் யாரும் தொடமாட்டார்கள். ஆனால் இது கரப்பான். யாரையும் ஒன்றும் செய்யாத, மண்ணுக்குள்ளேயே பாதி வாழ்க்கையைக் கழித்துவிடுகிற அப்பாவிக் கரப்பான். மழை பெய்த பிறகு கொஞ்ச நாள் வெளியில் வந்து நடமாடும், முட்டையிடும், செத்துப்போகும்.

அதற்கு ஊரில் பெயர் கிடையாது. எனக்கு அது ஏழு புள்ளி. முந்தைய வருஷம் சிலதைப் பிடித்து வந்து பானையில் விட்டு, முட்டையும் கிடைத்து, மணல் காய்ந்துபோய் எல்லாம் சுருங்கிவிட்டது. ஒரே ஒரு தடவை அதைக் குஞ்சு பொரிக்க வைத்துவிட வேண்டும், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று பைத்தியம் பிடித்து அலைந்தேன். ஆடி மாதம் மாலை மழை ஒன்று அடித்து ஓய்ந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தேன்.

இந்தத் தடவை நல்ல அகலமான மண்பானை. கீழே மணல், மேலே அந்தக் காட்டிலிருந்தே அள்ளிவந்த சருகு, வாய்க்குப் பழைய வேட்டித்துணி. வெள்ளரித் தோல், பொட்டுக்கடலை மாவு. ஒருநாள் விட்டு ஒருநாள் கையால் தண்ணீர் தெளிப்பேன். ஆவணியில் முட்டை வந்தது. முட்டை என்றால் தனித்தனியாக இல்லை. வாய் இறுக்கிய சுருக்குப்பை மாதிரி, காப்பிக்கொட்டை நிறத்தில், ஓரத்தில் பல் பல்லாக ஒரு கூடு. அதற்குள்தான் எல்லாக் குஞ்சும் இருக்கும். மணலில் அங்கங்கே அவை சேர்ந்தன. புரட்டாசியில் பெரிய கரப்பான்கள் ஒவ்வொன்றாகச் செத்து முடிந்தன. பானையில் மிச்சம் அந்தக் கூடுகள் மட்டும்தான்.

நான் மணலைக் கிளறி ஈரம் பார்த்துக்கொண்டிருந்த ஒருநாள் மாமியார் தூரத்தில் நின்றபடி, அது என்ன விதை என்று கேட்டார். விதை இல்லை, முட்டை என்றேன். எப்போது பொரிக்கும் என்றார். எனக்கு என்ன ஜோசியமா தெரியும், ஐப்பசி மழைக்குப் பொரிக்கலாம், கார்த்திகைகூட ஆகலாம் என்றேன். டாக்டரம்மா சொன்ன கெடுவும் கார்த்திகைதான். மாமியார் கொஞ்ச நேரம் பானையைப் பார்த்தார், பிறகு கட்டிலில் படுத்திருந்த பெண்ணைப் பார்த்தார்.

"இது நல்லபடியா பொரிச்சா அதுவும் நல்லபடியா பொறக்கும் மாப்ள," என்றார்.

விளையாட்டாகச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டேன். மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால் பானையின் கழுத்தில் மஞ்சள்கயிறு. பின்வாசலில் இருந்த பானை, கட்டில் காலடிக்கு வந்திருந்தது. பிரசவம் ஆகிறவரை அதை யாரும் இடம் மாற்றக்கூடாது, மண்ணைக் கலைக்கக்கூடாது என்று உத்தரவு. வெள்ளிக்கிழமையானால் குங்குமப் பொட்டு வேறு. ஊரே அருவருக்கிற ஜீவனுக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுகிற ஒரே வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, என்ன சாமி என்று கேட்டார். மாமியார் பானைத் துணியை இழுத்து மூடிவிட்டார்.

என் மனைவி முதலில் கேலி செய்தாள். பிள்ளைப்பூச்சியை விழுங்க வைத்தது போதாதென்று இப்போது கரப்பானைக் காவல் காக்க வைத்துவிட்டீர்கள் என்றாள். ஆனால் படுத்தே கிடக்கிறவளுக்குப் பார்க்க வேறு என்ன இருக்கிறது. கூரை, சுவர்க்காலண்டர், பானை. சில நாளில் அவளே கையை நீட்டித் துணியை விலக்கிப் பார்க்க ஆரம்பித்தாள். நான் ஷிப்டுக்குக் கிளம்பும்போது தண்ணீர் தெளித்தீர்களா என்று கேட்டாள். ஐப்பசி பிறந்து மழையும் பிடித்துக்கொண்டது. திரும்பி வந்ததும் அவளைப் பார்த்து நான் கேட்பதற்கு முன்னால் அவள் தலையை ஆட்டுவாள். இன்னும் இல்லை.

நான் விளையாட்டுக்கு வளர்த்த ஒன்று பொரிக்காமல் போனால் போகிறது, அடுத்த மழைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இப்போது அப்படி இல்லை. அந்தக் கூடுகளுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவள் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்றும் தெரியாது. இரண்டுக்கும் சேர்த்துத் தினமும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி பாதியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா வயிற்றில் கை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். அசைவு எப்படி இருக்கிறது என்று இரண்டு முறை கேட்டார். ஓய்வாக இருக்கட்டும், பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாமை மூன்று பேரும் கேட்டோம். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பானைத் துணியை விலக்கிப் பார்த்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் நான் காலை ஷிப்ட் முடிந்து வந்தபோது இரண்டு பேரும் பானையைச் சுற்றி இருந்தார்கள். மனைவி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"பொரிச்சிகீது மாப்ள, வந்து பாருங்க," என்றார் மாமியார்.

செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் ஓடினேன். குனிந்து பார்த்தேன். சிவப்பும் பழுப்புமாகக் குட்டிக் குட்டியாக நாலைந்து, பானைச் சுவரில் ஏறப் பார்த்து வழுக்கி வழுக்கி விழுந்துகொண்டிருந்தன. நீள மீசை. ஓட்டமான ஓட்டம். என் ஏழு புள்ளியின் குஞ்சு இப்படி இருக்காது. அந்த வருஷம் சருகு அள்ளும்போது அதன் இளசுகளைப் பார்த்திருக்கிறேன். துவரம்பருப்பு மாதிரி வட்டமாக, மங்கலாக இருக்கும், வெளிச்சம் பட்டால் மண்ணுக்குள் போய்விடும், சுவரில் ஏறாது. இது எங்கள் சமையல்கட்டுக் கரப்பானின் குஞ்சு. எனக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தேன். அவர் வலது கை விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடிந்த கையை மறுபடி துடைத்தார். கரப்பான் பறந்தால் தெருவுக்கு ஓடுகிற மனுஷி, ஸ்டவ்வுக்கு அடியில் கையை விட்டு ஒவ்வொன்றாகப் பிடித்திருக்கிறார். என் கண்ணை அவர் பார்க்கவில்லை. என் மனைவி பார்த்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் பூச்சி விஷயத்தில் கடைசிச் சொல் என்னுடையதுதானே.

"ஆமா, பொரிச்சிடுச்சு," என்றேன்.

அன்றைக்கு அவள் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. குஞ்சுகள் வளர வேண்டும் அல்லவா, மாமியார் வளர்த்தார். நான் ஷிப்டில் இருக்கும்போது கொஞ்சம் பெரிதாக வேறு பிடித்துப் போடுவார் போலிருக்கிறது. எண்ணிக்கையும் கூடியது, உடம்பும் கூடியது. ஒரு வாரத்தில் பாதி வளர்ந்துவிட்டன. உலகத்தில் எந்தக் கரப்பானும் அந்த வேகத்தில் வளராது. மாமியார் வந்து, பார்த்தீர்களா எப்படிக் கொழுக்குமொழுக்கென்று ஆகிவிட்டது என்பார். என் மனைவி ஆமாம் என்பாள். நானும் ஆமாம் என்பேன்.

ஆனால் வீட்டுக் கரப்பான் எதையும் விட்டுவைக்காது. சோப்பு, பசை, காகிதம், தன் இனத்து முட்டையைக்கூடக் கடிக்கும். பானைக்குள் என் கூடுகள் மணலில் மேலாகத்தான் இருந்தன. பொரிக்க இன்னும் நாள் இருக்கலாம், உள்ளே எல்லாம் நன்றாகவே இருக்கலாம். அதை எடுத்து வேறு டின்னில் போட்டுவிட்டால் போதும். அதுதான் முடியவில்லை. பானை இருந்தது அவள் காலடியில். அவள் கட்டிலை விட்டு இறங்குவதே அபூர்வம். பொரித்துவிட்டதாகச் சொன்ன முட்டையை முழுசாக வெளியே எடுத்தால் அவள் என்ன என்று கேட்பாள்.

ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்த சமயம் பார்த்து மணலுக்குள் விரலை விட்டேன். முதலில் தட்டுப்பட்ட கூட்டின் ஓரம் அரித்திருந்தது. உள்ளே காலி. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது முழுசாக இருந்தது. அதை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு எழுந்தபோது மாமியார் சமையல்கட்டு வாசலில் நின்றார்.

"பொரிச்ச வூட்ட கலைக்காதீங்க மாப்ள," என்றார். கட்டளை மாதிரி இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "இன்னும் கொஞ்ச நாளுதான். அத்த அப்படியே வுட்டுடுங்க."

அவருக்கு நான் கண்டுபிடித்துவிட்டது தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். பின்வாசலில் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் நின்றது. கூட்டை மணலில் இருந்த இடத்திலேயே வைத்து மேலே சருகைத் தள்ளிவிட்டேன். போகட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கணக்கு மனசுக்குள் ஓடியது. மாமியாரின் சாமி எனக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது.

கார்த்திகை மழையில் வலி வந்தது. காரில் ஏறுவதற்கு முன்னால் மாமியார் பானையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அவர்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள், அதில் நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பெண் குழந்தை. தலை நிறைய முடி. அழவில்லை. துணியில் சுற்றி என் கையில் கொடுத்தபோது சூடு இருந்தது, அந்தச் சூட்டை வைத்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் ஏதேதோ நினைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் அப்படி அழுததில்லை. இனி அழவும் மாட்டேன், அதற்கெல்லாம் தெம்பு வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு என் மனைவிக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. மாமியார் மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டிவிட்டார், பால் வற்றுவதற்கு. அறை முழுக்கப் பூ வாசனை. கல்யாண வீட்டு வாசனை. அதற்குப் பிறகு இன்றுவரை எனக்கு மல்லிகை ஆகாது, கோயிலிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். பானை கட்டில் காலடியிலேயே கிடந்தது. அதை யாரும் பார்க்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. மார்கழி நடுவில் மாமியார் ஊருக்குக் கிளம்பினார். போகும்போது என்னிடம், வருகிறேன் மாப்பிள்ளை என்று மட்டும் சொன்னார். பஸ் ஏறுகிறவரை வலது கை விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார். அது அவருக்கு வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் ஏரிக்கரைக்குப் போனேன். எதற்குப் போனேன் என்றால் எதற்கோ போனேன். பானையில் எப்படியும் ஒன்றும் மிஞ்சியிருக்காது, மண்ணுக்கடியில் இளசு ஏதாவது கிடைக்குமா என்று ஒரு நப்பாசை இருந்திருக்கலாம். முள்காடு இல்லை. காரை, களா, ஈச்சை எல்லாவற்றையும் வெட்டிக் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். தரையைச் சமம் பண்ணி, கல் நட்டு, கலர் கலராகக் கொடி கட்டி, மனைப்பிரிவு என்று பலகை வைத்திருந்தார்கள். கொடி காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சாம்பலைக் காலால் தள்ளிப் பார்த்தேன். அடியில் செம்மண் சுட்ட ஓடு மாதிரி இறுகியிருந்தது. பிறகு எத்தனையோ மழைக்கு எத்தனையோ பக்கம், வல்லக்கோட்டை வரைக்கும் சுற்றிப் பார்த்துவிட்டேன். என் கண்ணில் ஏழு புள்ளி அப்புறம் படவே இல்லை.

போகி வந்தது. தெரு முழுக்கப் பழைய பாயும் முறமும் எரிந்துகொண்டிருந்தன. எங்கள் வீட்டில் எரிக்க என்ன இருக்கிறது என்று நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே கட்டில் நகரும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் என் மனைவி அந்தப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பாரம் தூக்காதே என்று வாய் வரை வந்துவிட்டது. இனி அவள் எதை வேண்டுமானாலும் தூக்கலாம்.

மஞ்சள்கயிறு வெளுத்துப்போயிருந்தது. அவள் துணியை அவிழ்த்துப் பானையைத் தரையில் கவிழ்த்தாள். காய்ந்த சருகும் மணலும் கொட்டின. அதோடு சமையல்கட்டுக் கரப்பான்கள், இப்போது நிஜமாகவே வளர்ந்து இறக்கை முளைத்தவை, நாலாபுறமும் சிதறின. நான் குந்தி உட்கார்ந்து மணலை விரலால் துழாவினேன். கூடுகள் கிடைத்தன. எல்லாம் ஓரம் அரித்து, உள்ளே காலியாக இருந்தன. ஒன்று மட்டும் முழுசாகத் தெரிந்தது. நான் அன்றைக்குத் திருப்பி வைத்த அதே கூடாக இருக்கலாம். எடுத்து லேசாக அழுத்தினேன். பொடிப்பொடியாக உதிர்ந்தது.

அவள் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது நம்ம சமையல்கட்டு கரப்பான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றாள்.

நான் நிமிர்ந்தேன்.

"தெனம் அத்தோட மல்லுக்கட்டுறவ நானு. எனக்குத் தெரியாதா?" என்றாள். குரலில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. "எங்கம்மா அத்த கையால புடிச்சிகீது. அந்த மூஞ்சியப் பாத்துகினு எப்டி சொல்றது. நீங்க வேற ஓடியாந்து, பொரிச்சிடுச்சுன்னு சொன்னீங்க. சரி, இவராச்சும் நம்பிகினு இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

"நான் நம்பல," என்றேன். "உனக்காகத்தான் சொன்னேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு என் உள்ளங்கையில் இருந்த பொடியைப் பார்த்தாள்.

"அப்ப யாருதான் நம்பனது?" என்றாள்.

தெருவில் பிள்ளைகள் போகிக்குப் பறை அடித்துக்கொண்டு போகும் சத்தம் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சிதறிய கரப்பான்கள் வெளிச்சத்துக்குப் பயந்து திரும்பி, எங்கள் கால்களுக்கு நடுவே சமையல்கட்டை நோக்கி ஓடின. இப்போது அவற்றை அடிக்கலாம். வீட்டில் வயிற்றுப்பிள்ளைக்காரி யாரும் இல்லை. இரண்டு பேர் காலிலும் செருப்பு இருந்தது. இரண்டு பேரும் காலைத் தூக்கவில்லை. கடைசிக் கரப்பானும் வாசற்படி ஏறி உள்ளே போகிறவரை அப்படியே நின்றுகொண்டிருந்தோம்.